பருப்புக்கு ஒண்ணு

எனக்குத் தெரியாத வேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்போடு ஒத்துவராமல் போனது (முதலில் சொன்னது பள்ளிக்கூடம்தான்). அப்புறம் பஞ்சு கொட்டினேன், மெத்தை தைத்தேன், தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றேன். இன்றைக்குத் திருப்பதியில் எங்கள் கடையைக் கேட்காமல் ஒரு லாட்ஜ் திறந்துவிட முடியாது. மலைக்கு வருகிற ஜனங்களில் பாதிப் பேர் முதுகை நீட்டுவது என் மெத்தையில். (மீதிப் பேர் தரையில் படுக்கிறார்கள். அது அவர்கள் தலையெழுத்து.)

இப்படிப்பட்டவனை ஒரு முழங்கால் உட்காரவைத்துவிட்டது. ஆபரேஷன் முடிந்ததும், ஆறு மாதம் சித்தூர் வீட்டை விட்டு நகரக்கூடாது என்றார் டாக்டர். திருப்பதிக் கடையை என் மகள் கோமதி பார்த்துக்கொண்டாள். நன்றாகவே பார்த்துக்கொண்டாள். எனக்குப் பயம் வந்ததே அதனால்தான்.

"ஊட்டுலயே எனக்கு ஒரு ஆபீஸ் போட்டுக் குடு" என்றேன்.

கோமதி கடைக்குப் புதிதாக இன்டர்நெட் போன் வைத்திருந்தாள். யார் கூப்பிட்டாலும் முதலில் இயந்திரம் பேசும். ஒன்று, இரண்டு என்று அழுத்தினால் அந்தந்த மேசையில் மணி அடிக்கும். அதில் ஒரு போனைச் சித்தூர் வீட்டில் மாட்டிவிட்டால் நான் கடையில் உட்கார்ந்திருக்கிற மாதிரியேதான்.

"ஒரு வாரம் பாக்கலாம் நைனா. வம்பு இல்லாம ஓட்டினா போன் உங்கிட்டயே இருக்கட்டும். எதனா ஆச்சு, கழட்டிக்கினு பூடுவேன். அப்புறம் நீ ரெஸ்ட்டு."

ரெஸ்ட் எனக்குத் தெரியும். எதிர்வீட்டு ரிட்டயர்டு மனிதர் ஒரே பேப்பரைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மடித்து மடித்து எடுக்கிறாரே, அது.

போன் மாட்ட வந்தவர் கிரண் என்கிற தெலுங்குக்காரர். தமிழும் பேசுவார். மாடிப்படிக்குக் கீழே என் ஆபீஸ் (போன வாரம் வரைக்கும் வெங்காயம் கொட்டி வைத்த இடம்). ஜன்னல் வழியாக வயரை இழுத்து, போனை மேசையில் வைத்து, "உங்க நம்பர் நூத்தியொண்ணு சார்" என்றார்.

"அப்போ எனக்கு முன்னால நூறு பேர் கீறாங்களா?"

"அய்யோ, அது சும்மா நம்பர் சார்."

"சும்மா நம்பர்னா ஒண்ணு குடுங்க."

"ஒண்ணு அழுத்தினா ஆர்டர் சார். அது மேடம் மேசைக்குப் போகும்."

"மேடத்தைப் பெத்தவன் நானு."

ஒன்று எனக்கு வந்தது. கோமதி மூன்றுக்குப் போனாள்.

இயந்திரத்தில் யார் குரல் என்பது அடுத்த பேச்சு. யாரோ ஒரு பெண் இங்கிலீஷில் கொஞ்சுவதைக் கிரண் போட்டுக் காட்டினார். என் கடையில் என் குரல்தான் என்றேன். "சார், முந்துகா ஷாப் பேரு செப்பண்டி" என்று, முதலில் கடையின் பெயரைச் சொல்லச் சொன்னார். என் குரலைக் கேட்டாலே எந்தக் கடை என்று தெரியாதா என்று விட்டுவிட்டேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வணக்கம். பருப்புக்கு ஒண்ணு. தலவாணிக்கு ரெண்டு. மத்ததுக்கு மூணு" என்றேன்.

பருப்பு என்றால் தெலுங்கில் மெத்தை. தெலுங்குக்காரர்கள் அழுத்தாமல் மெதுவாகச் சொல்வார்கள். என் தமிழ் வாய்க்கு அது சாம்பாரில் போடுகிற பருப்பாகத்தான் வரும்.

"மெத்தைன்னு சொல்லு நைனா" என்றாள் கோமதி.

"நாப்பது வருசமா பருப்புன்னுதான் விக்கறேன். யாரும் கொழம்பு வெச்சதில்ல."

நாலாம் நாள் காலை, பத்து மணிக்கு ஒரு கால். குரல் விட்டுவிட்டு வந்தது.

"ஹலோ, பருப்புக்கு ஒண்ணுன்னு சொன்னாங்க..."

"மொதலாளியே பேசறேன். சொல்லுங்க."

"நான் காஞ்சிபுரம் தணிகாசலம், சமையல் கான்ட்ராக்ட். இங்க திருப்பதி அலிபிரி பக்கம் மண்டபத்துல சாயங்காலம் ரிசப்ஷன். முப்பது கிலோ பருப்பு வேணும்."

இலவம்பஞ்சு மெத்தையைக் கிலோக் கணக்கில்தான் கேட்பார்கள். முப்பது கிலோ என்றால் மூன்று.

"எத்தினி பேருக்கு?"

"நானூறு பேருக்கு."

"நானூறு பேருக்கு முப்பது கிலோ எப்டி கட்டும்?"

"நாலு பந்தியா வுடுவோம். இருவத்தஞ்சு வருஷமா பண்றேன், எனக்குத் தெரியாதா?"

முறை போட்டுப் படுப்பார்கள் போலிருக்கிறது, காஞ்சிபுரத்தில் அப்படியொரு வழக்கமோ என்று விட்டுவிட்டேன்.

"தொவரம்பருப்புதானே?" என்றார். லைன் கரகரத்ததில் எனக்கு விழுந்தது "தூரம்" மட்டும்.

"தூரமெல்லாம் இல்லீங்க. பத்து நிமிசத்துல வண்டி வந்துடும்."

"பூச்சி இருக்கக் கூடாது."

"வெயில்ல காயப்போட்டு எடுத்தது. ஒரு பூச்சி காட்டுங்க, கடைய மூடறேன்."

"பழசு கலந்துடப் போறீங்க."

"எங்க பருப்புல ஒரு தரம் வுழுந்தவன் எழுந்திருக்க மாட்டான்!"

"அடடா, அதான் வேணும்" என்று அவர் குளிர்ந்துபோனார்.

திருப்பதி குடோனில் இருந்த டிரைவர் முனிரத்தினத்தைப் போனில் கூப்பிட்டு மண்டபத்துக்கு அனுப்பினேன். அப்புறம் அடுப்பங்கரைக்குக் கேட்கிற மாதிரி என் மனைவியிடம், "சரோஜா! கோமதிக்குத் தெரியாமயே ஒரு ஆர்டர் முடிச்சேன்" என்றேன்.

"அதான் பயமா கீது" என்றாள் உள்ளேயிருந்து.

முக்கால் மணி நேரத்தில் போன்.

"யோவ்! சாம்பார்ல இத எப்டியா போடறது? உரிச்சிப் போடறதா, அப்டியே போடறதா?"

பின்னால் முனிரத்தினத்தின் குரல்: "மொதலாளி, சமையக்கட்டுல விரிக்கச் சொல்றியான்னு கேட்டேன், கரண்டிய எடுக்கறாரு!"

சாயங்காலம் நானூறு பேர் இலைக்கு முன்னால் உட்காருவார்கள். அதைவிட, கோமதிக்குத் தெரிந்தால் என் நாற்காலி போகும். யோசிக்கிற வரைக்கும் அவரை லைனில் காத்திருக்க வைக்கலாம் என்று ஒரு பட்டனை அழுத்தினேன். லைன் அறுந்தது. அவர் மறுபடி கூப்பிட, என் குரலே அவரிடம் "பருப்புக்கு ஒண்ணு" என்று சொல்ல, அவர் ஒன்றை அழுத்த, மறுபடியும் நான். "மறுபடியும் நீதானா!" என்றார். இன்னொரு பட்டன். மறுபடி அறுந்தது, மறுபடி மணி. இந்த முறை அவருக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. "பொண்ணு ஊட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க. சாம்பார் இல்லன்னா என்னை இனிமே யாரு கூப்டுவாங்க? எனக்குக் குடுத்த போன் நம்பர்ல கடைசி எழுத்து ரெண்டு. அவசரத்துல நான் மூணு போட்டுட்டேன் போலகீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கூப்பிட நினைத்தது மளிகைக் கடையை. முன்னெல்லாம் மனுசன் எடுத்து, "இது மெத்தைக் கடைங்க" என்று ஒரு வார்த்தையில் வைத்துவிடுவான். என் குரலோ பருப்பு என்று சத்தியம் செய்திருக்கிறது.

அவர் பிழைப்பும் என் நாற்காலியும் ஒரே வயரில் தொங்கின. "அய்யா, என்னை அழுத்தாதீங்க. மறுபடி போன் போட்டு மூணை அழுத்துங்க, எம் பொண்ணு எடுப்பா" என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னதற்கு அவர் ஒருவரே சாட்சி. ஆனால் ஊருக்கே சொல்லிவிட்டார்.

கோமதி கேள்வியே கேட்கவில்லை. பக்கத்து மளிகையில் முப்பது கிலோ துவரம்பருப்பு வாங்கி அடுத்த வண்டியில் ஏற்றி, கூடவே தானும் போய் நின்றாள். முதல் பந்திக்குச் சாம்பார் தயார். முனிரத்தினம் மெத்தைகளைத் திரும்ப எடுக்கப் போனபோது இரண்டுதான் கிடைத்தன. மூன்றாவதில் தணிகாசலம் தூங்கிக்கொண்டிருந்தார். (எழுந்திருக்க மாட்டான் என்று சொன்னேனா இல்லையா?) எழுந்ததும் காசு கொடுத்து அதை ஊருக்கே கொண்டுபோய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்தாள். போனைக் கழட்டுவாள் என்று நான் மேசை பக்கமே திரும்பவில்லை. அவள் கழட்டவில்லை. "நீயே மூணை அழுத்தச் சொன்னியாமே நைனா" என்றாள். ஒன்று அவளுக்குப் போனது. நான் இப்போது நூற்றியொன்று. எனக்கு முன்னால் இருக்கிற நூறு பேர் யாரென்று இன்னும் தெரியவில்லை, ஆனால் கோமதி அதில் முதல் ஆள்.

வீட்டில்தான் நிம்மதி போனது. சாப்பாட்டில் நான் பருப்பு கேட்டால் சரோஜா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "துன்றதுக்கு ஒண்ணு, படுக்கறதுக்கு ரெண்டு" என்பாள். விரலைக் காட்டினால்தான் இலையில் விழும். நேற்று சாப்பிடும்போது அவளிடம் புதிதாக இரண்டு லாட்ஜ் ஆர்டர் வந்த பெருமையைச் சொல்லிக்கொண்டே, "ரெண்டு!" என்று விரலை நீட்டிவிட்டேன்.

மடியில் தலையணை வந்து விழுந்தது.