யாரும் நிற்காத தெரு

முஹர்ரம் பே, அலெக்சாந்திரியா
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய அக்கா ஸுஹைர் அவர்களின் சமூகத்துக்குத் தம்பி ராஃபத் எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகள் நிஹாலும் பூனையும் இறைவன் அருளால் சுகமே. அங்கே தந்தா நகரில் உன் நலமும், மச்சான் ஃபிக்ரீயின் நலமும், அவருடைய மிட்டாய்க் கடையின் நலமும் நாளுக்கு நாள் பெருகட்டும்; மச்சானின் முழங்கால் வலி மட்டும் குறையட்டும்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ முதல் வரியிலேயே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பொறுமையாகப் படி. படம் கெட்டுப்போனது, அக்கா. நிஹாலின் படிப்பு முடிய வியாழனன்று கல்லூரியில் கொடுக்க வேண்டிய அந்தக் குறும்படம் நேற்றோடு ஒழிந்தது. பெருநாளன்று மச்சான் என் வீட்டில் என் கோழியைத் தின்றுகொண்டே, "சினிமா சோறு போடுமா? படத்த ஒழுங்கா முடிச்சா உன் இஷ்டம். முடிக்கலேன்னா சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போவேன், என் கடையில உக்காந்து கணக்கு எழுது" என்றார் அல்லவா, அவளும் ரோஷத்தில் "சரி மாமா" என்று கை கொடுத்தாள் அல்லவா, அந்தக் கைதான் இப்போது எங்கள் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

கதை என்னவோ நல்ல கதைதான். ஒரு வயசாளியின் கார் நடுத்தெருவில் நின்றுவிடுகிறது. ஊரே பார்த்தும் பார்க்காததுபோல் போகிறது. மனுஷன் கண் கலங்கி நிற்கும்போது முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து தள்ளிக் கொடுக்கிறாள். அவள் பை கிழிந்து ஆரஞ்சுப் பழங்கள் உருள, கிழவர் ஓடி ஓடிப் பொறுக்கித் தருகிறார். அவ்வளவுதான், பார்ப்பவர்கள் எல்லாம் அழுதுவிடுவார்கள் என்றாள். படத்துக்குப் பெயர் 'யாரும் நிற்காத தெரு'. வயசாளியாக நான், காராக என் பச்சைக் கார், கேமராவுக்குத் தாமிர் என்று அவளோடு படிக்கும் ஒரு பையன். இரவல் கேமரா, பொழுது சாய்வதற்குள் திருப்பித் தரவேண்டும். இதில் என்ன கெட்டுப்போக முடியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

சொன்னபடி காரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி, எஞ்சின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டேன். நான் டிராமில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தபோது என்னைக் கண்டாலே ஓடும் டிராமிலிருந்து குதித்த ஜனங்கள்தானே இவர்கள்? இப்போது எங்கிருந்துதான் வந்தார்களோ! ஈரல் ரொட்டிக் கடை மஹ்ரூஸ் கரண்டியோடு ஓடிவந்தான். ஒரு வேன் நின்று அதிலிருந்தவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். "ஹாஜியாரே, நீங்க உள்ள உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்!" என்று என்னை மூட்டை மாதிரி உள்ளே திணித்தார்கள். "தள்ளாதீங்கப்பா, சும்மா நிக்கிறேன்!" என்று நான் கத்த, "வெக்கப்படாதீங்க ஹாஜியாரே, எல்லாருக்கும் வர்றதுதான்!" என்று தெருமுனை வரை தள்ளிவிட்டு, எனக்காகக் கையேந்தி துஆ செய்துவிட்டு, வேனில் ஏறிப் போனார்கள்.

நிஹால் தலையில் கைவைத்துக்கொண்டு தெருக்காரர்களைக் கூட்டி, இது படம், நீங்கள் எல்லாரும் கண்டுகொள்ளாமல் நடந்துபோனால் போதும் என்று விளக்கினாள். எவனும் சம்மதிக்கவில்லை. மஹ்ரூஸுக்கு வந்ததே கோபம்! "பெரிய மனுஷன் நடுரோட்டுல நிக்கிறப்ப நான் பாக்காம போறேன்னு படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவியா? என் மாமியா வீட்டுல இப்பவே என்னை ஆளா மதிக்கிறதில்லை, இதையும் பாத்தா வாசப்படி ஏத்துவாங்களா?" என்றான். மாடிவீட்டு உம்மு ஆதில் மட்டும், "எனக்கு நடிப்பு வரும், நான் போறேன்" என்று காய்கறிப் பையோடு முன்வந்தாள். ஜோராகத்தான் நடந்தாள். என்னைத் தாண்டியும் போய்விட்டாள். போனவள் திரும்பி வந்து, "மன்னிச்சுக்க நிஹால், உன் வாப்பா மூஞ்சியப் பாத்துட்டு சும்மா போக முடியல. ஏன் ஹாஜியாரே, சாப்பிட்டீங்களா?" என்று ஒரு ரொட்டியை என் வாயில் திணித்தாள். என் நடிப்பு அப்படி அமைந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய?

சரி, வெளியாள்தான் வேண்டுமென்று கல்லூரித் தோழர்களை வரவழைத்து நடக்கவிட்டாள். அதுகள் பாவம், சொன்னபடி என்னைப் பார்க்காமல் நடந்தன. மஹ்ரூஸ் குறுக்கே பாய்ந்து, "டேய், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? உங்க வீட்டுல பெரியவங்களே கிடையாதா?" என்று சட்டையைப் பிடித்தான். தள்ளுமுள்ளாகி, சமாதானமாகி, சமாதானத்துக்கு டீ வந்து, டீக்கு யார் காசு கொடுப்பது என்று மறுபடி சண்டையாகி, இந்தக் களேபரத்தில் பின்பக்கமிருந்து வேறொரு கூட்டம் வந்து என்னையும் காரையும் தள்ளிக்கொண்டே போய்விட்டது அக்கா! அந்தத் தெரு வேறு இறக்கம். "எஞ்சின் நல்லாருக்கு!" என்று கத்துகிறேன், "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க!" என்கிறார்கள். நேராக மெக்கானிக் ஷலபி பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். என்ன கோளாறு என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். "ஒன்னுமில்லாமயா இத்தனை பேர் தள்ளிட்டு வருவாங்க?" என்றவன், நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் எஞ்சினைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அங்கே நிஹால், கேமராவைச் சுமந்த தாமிரோடு, பச்சைக் கார் எங்கே என்று கேட்டு அலைந்திருக்கிறாள். தெரியாது என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு மனசு வரும்? ஒருவர் ரயிலடிப் பக்கம் என்றார், ஒருவர் துறைமுகம் என்றார், இன்னொரு புண்ணியவான் தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே நடந்து மீன் சந்தை வரை கொண்டுபோய் விட்டு, வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார். அவள் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்தப் பட்டறைச் சந்து முழுக்க வேலையை நிறுத்தியது. ஒருவர் தண்ணீர், ஒருவர் கைக்குட்டை, ஷலபி கிரீஸ் கையோடு குனிந்து, "என்னம்மா ஆச்சு, யாரும் உதவி பண்ணலையா?" என்று கேட்டான்.

"எல்லாரும் பண்ணிட்டாங்க!" என்று இன்னும் சத்தமாக அழுதாள்.

இதுதான் அக்கா நடந்தது. நேற்று வந்ததிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறாள், சாப்பாட்டை வாசலில் வைத்தால் பூனை தின்கிறது. கொடுத்த வாக்குப்படி சனிக்கிழமை அவள் தந்தா வருவாள். உன் பின்பக்கத்து அறையை ஒழித்து வை. காலையில் எழுந்ததும் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், டீ உள்ளே போன பிறகுதான் மனுஷியாவாள். கடையில் அவளைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைக்காமல், தெரு தெரிகிற மாதிரி உட்கார வைக்கச் சொல் மச்சானிடம். எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வருத்தமாகத்தான் இருக்கிறது அக்கா. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் சத்தம் போட நானும் பூனையும்தான். பூனை என்னை மதிப்பதேயில்லை.

மச்சானுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முத்தங்கள். உன் அடுப்பு அணையாமலும் உன் வாசல் ஆளில்லாமல் போகாமலும் இறைவன் காப்பானாக.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி
ராஃபத்

பின்குறிப்பு (சனிக்கிழமை): மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. புதனன்றே இதைத் தபாலில் சேர்க்கப் போனேன். தபாலாபீஸை எங்கோ மாற்றிவிட்டார்கள் போல, வழி கேட்டேன். தெருவே கூடி நாலாபக்கமும் கை காட்டியதில் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வீடு திரும்பினேன். அதற்குள் இங்கே கதையே மாறிவிட்டது. தாமிர் தங்கமான பையன், கேமராவை நிறுத்தவே மறந்துவிட்டான்! மஹ்ரூஸின் சண்டை, என் வாயில் ரொட்டி, வழி சொன்ன புண்ணியவான்கள், டயரில் உட்கார்ந்து அழுதது, எல்லாம் அதில் இருந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் வெட்டி ஒட்டியிருக்கிறாள். பெயர் அதே 'யாரும் நிற்காத தெரு'. வியாழனன்று பார்த்த பேராசிரியர் முதலில் விழுந்து விழுந்து சிரித்து, அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். என் மகள் ஜெயித்துவிட்டாள் அக்கா! நேற்று மாலை ஷலபி பட்டறைச் சுவரிலேயே போட்டுக் காட்டினோம். மஹ்ரூஸ் மாமியாரைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தான்.

இன்று காலை ஷலபி எஞ்சினைத் திரும்பப் பூட்டிக் காரைக் கொடுத்தான். மிச்சமிருந்த சில திருகாணிகளை ஒரு பொட்டலத்தில் கட்டி, "இது தேவையில்லாதது ஹாஜியாரே" என்றான். எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் நடுவில் நின்றுவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே. மூடியைத் திறந்துகொண்டு நின்றேன். ஒரு ஈ காக்கை வரவில்லை! எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். உம்மு ஆதில் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போனவழியே திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் மறுபடி போனாள். மஹ்ரூஸ் கடைக்குள்ளிருந்து, "கவலைப்படாதீங்க ஹாஜியாரே, இந்தத் தடவை கெடுக்க மாட்டோம்!" என்றான். "நிஜமாவே நின்னுபோச்சுடா!" என்று கதறினேன். "அடேயப்பா, என்னா நடிப்பு!" என்று கை தட்டினான்.

அப்போதுதான் ரயிலடிப் பக்கமிருந்து ஒரு ஆள் பெட்டியோடு நொண்டி நொண்டி வந்தார். மருமகளைக் கூட்டிப்போக வந்த நம் மச்சான்! "என்னய்யா ராஃபத், இந்த ஊர்ல மனுஷங்களே இல்லையா?" என்று கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அந்த முழங்காலோடு தன்னந்தனியாகத் தள்ளினார். தெருவே ஆரவாரம் செய்தது. நிஹால் மாடியிலிருந்து முழுவதையும் போனில் பிடித்துவிட்டாள்.

இப்போது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்லாவில் உட்கார ஊரில் வேறு ஆளா இல்லை என்கிறார். அடுத்த படத்தைத் தன் கடை வாசலில் எடுக்கவேண்டுமாம், தானே கதாநாயகனாம். ஆகவே அந்த அறையை எதற்கும் ஒழித்தே வை, அடுத்த மாதம் படமெடுக்க வருகிறோம். இதை மச்சான் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், பிரித்துப் படிக்காமல் தருவார் என்று நம்புகிறேன். உங்கள் தெருக்காரர்களிடம் மட்டும் இப்போதே சொல்லிவை அக்கா, யாரும் தயவுசெய்து உதவிக்கு வரவேண்டாம்.