நாலாவது கேட்டும் என் அக்கா ஒனீட்டாவும்

ஃபோர்ட் ஸ்டாக்டன்,
மார்ச் 19, புதன்கிழமை.

பெருமதிப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் அதிகமான பயத்துக்கும் உரிய அக்கா ஒனீட்டாவுக்கு,

உன் ஒரே தம்பி டெல்மர் எழுதுவது. சான் அன்டோனியோவில் நீயும் உன் மகன் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால், உன் ரோஜாச் செடிகள், உன் சர்ச் பாடகர் குழு எல்லாம் சௌக்கியமா? நானும் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்தக் கடிதத்தைச் சமையல் மேடைமேல் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். டாக்டர் வெள்ளிக்கிழமை வரை உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். காரணம் கீழே வருகிறது. அதற்குமுன் சிரிக்காதே.

போன வாரம் லாஃபர்ட்டி பண்ணைக்குக் கூடாரம் போடப் போயிருந்தேன். தனியாக. என் மனைவி ஃபெர்ன் இந்த முறை வர மறுத்துவிட்டாள். "அறுபது வயசுக்கு மேல பாத்ரூம் போக மண்வெட்டி தூக்கிட்டு அலையுற பொழப்பு எனக்கு வேணாம் டெல்மர். உனக்கு அந்த மலைதான் பெண்டாட்டின்னா அது கூடவே இருந்துக்கோ," என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் போட வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே கம்ப்யூட்டரில் இடம் பிடித்துவைக்க வேண்டுமாம். நமக்கு என்ன கவலை? பூங்கா எல்லையை ஒட்டிப் பண்ணை இருக்கிறது. அதே சிசோஸ் மலை, அதே காற்று, அதே தேள். அப்பா ஒரு தடவை லாஃபர்ட்டி வீட்டுக் காற்றாலையைப் பழுது பார்த்துக் கொடுத்ததற்கு, அந்த மனிதர் வாய்வார்த்தையாகச் சொன்ன அனுமதி இன்றும் நமக்குச் செல்லுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

நெடுஞ்சாலையிலிருந்து நாம் கூடாரம் போடும் காற்றாலைத் தண்ணீர்த் தொட்டிவரைக்கும் ஐந்து கேட் என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஐந்து கேட்டையும் ஒரே ஆள் கடப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. எனக்கும் அறுபத்தேழு வயதுவரை தெரியாது. வண்டியை நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், சங்கிலியைக் கழற்ற வேண்டும், கேட்டைத் தள்ள வேண்டும், ஏற வேண்டும், ஓட்ட வேண்டும், மறுபடி நிறுத்தி, இறங்கி, வந்த வழியே நடந்து, மாடு வெளியே போகாதபடி கேட்டை இழுத்துச் சங்கிலியை ஆணியில் மாட்டி, மறுபடி நடந்து ஏற வேண்டும். அதற்குள் காற்று என் தொப்பியை மெக்சிகோவுக்கு அனுப்பப் பார்க்கும். இரண்டாவது கேட்டிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவதில் கைபிரேக் போட மறந்துவிட்டேன். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிக்கப் வண்டி டிரைவர் இல்லாமல், ரொம்ப மரியாதையாக, என்னைக் கடந்து உள்ளே போயிற்று. "நில்லு! நில்லு!" என்று அதைப் பார்த்துக் கத்தினேன், அக்கா. முப்பத்தொரு வருடம் சாலைத் துறையில் வேலை பார்த்தவன் ஒரு வண்டியிடம் கெஞ்சினேன். துரத்திப்போய்க் கதவைப் பிடித்தேன், கால் சறுக்கியது, வண்டி ஒரு புதரில் முட்டித் தானாக நின்றது, நான் மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த சப்பாத்திக்கள்ளியின்மேல் போய் முழுசாக உட்கார்ந்துவிட்டேன். ஆள் உட்காருவதற்கென்றே வளர்ந்ததுபோல் அகலமான கள்ளி.

அப்படியே நாலாவது கேட்டுக்கு வந்து சேர்ந்தேன். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதே. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓட்டினேன்.

நாலாவது கேட். பெயரைச் சொன்னதும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எழுதியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்.

அப்பாவின் பச்சைப் பிக்கப்பில் மூன்று பேர் நெருக்கி உட்காரும் அந்த ஒரே நீள சீட் நினைவிருக்கிறதா? அப்பா ஓட்டுவார். கதவோரம் நீ. நடுவில் நான், இரண்டு கால்களுக்கு நடுவே கியர் கம்பியோடு. கதவோரம் உட்கார்ந்தவர்தான் இறங்கிக் கேட்டைத் திறக்க வேண்டும், மூட வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். நடுவில் உட்கார்ந்தவன் கெட்டிக்காரன் என்று நான் உன்னைக் கேலி செய்வேன். "போடி கேட்டுக்காரி" என்று சொல்லி உன்னிடம் குட்டும் வாங்கியிருக்கிறேன். நீயோ வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிடுவாய். கேட்டின் அடிக்கம்பியில் ஏறி நின்றுகொண்டு, அது திறக்கும்போது கூடவே ஊஞ்சல் ஆடிக்கொண்டு போவாய். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏய் ஒனீட்டா, கேட்டு திறக்கச் சொன்னா சர்க்கஸா காட்டுற?" என்பார். திட்டுவதுபோல இருக்கும், ஆனால் சிரித்துக்கொண்டிருப்பார். கூடாரம் போட்டதும் கரி பிடித்த பாத்திரத்தில் காப்பி கொதிக்கவைத்து, மலை சிவக்கிற நேரத்தில் நம் இருவரையும் வண்டியின் பின்தட்டில் உட்காரவைத்து, "நல்லா பாத்துக்குங்கடா, இதுக்கு டிக்கெட்டு கிடையாது," என்பார். அந்தச் சிவப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் காப்பி வாசனைதான் முதலில் வருகிறது.

அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதின்மூன்று. நாலாவது கேட்டைத் தாண்டி நீ சங்கிலியை மாட்டினாய். மாட்டினாய், அக்கா. நான் பார்த்தேன். ஐம்பது கஜம் தள்ளி ரேடியேட்டர் சூடாகி அப்பா வண்டியை நிறுத்தி மூடியைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார், நீ அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். என் சட்டைப்பையில் வைத்திருந்த கொம்பு ஓணான் அந்த நேரத்தில் கீழே குதித்து, வந்த வழியே ஓடிவிட்டது. நானும் பின்னாலேயே ஓடினேன். அது கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சங்கிலியைக் கழற்றினேன், ஓணானைப் பிடித்தேன், கேட்டை முதுகால் தள்ளினேன், இரண்டு கையிலும் ஓணான் இருந்ததால் சங்கிலியை மாட்டவில்லை. அது அவ்வளவுதான். மாட்ட எனக்கு ஒரு கை போதும். ஓணானை ஒரு கையில் பிடித்திருக்கலாம் என்று ஐம்பத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் லாஃபர்ட்டியின் காளை, ஜட்ஜ் என்று பெயர் வைத்திருந்தாரே அது, பூங்காவுக்குள் போய் யாரோ சுற்றுலாக்காரரின் கூடாரத்துக்குள் தலையை விட்டுவிட்டது. குதிரையில் போய் அதைத் திருப்பிக் கொண்டுவர லாஃபர்ட்டிக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்று வருடம் நமக்கு அங்கே அனுமதி இல்லாமல் போயிற்று. அப்பா உன்னைக் கேட்டார்: "கதவோரம் யாரு உக்காந்திருந்தது?" நீ சொன்னாய்: "நான் மாட்டினேன் அப்பா." இரண்டு தடவை சொன்னாய். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் என் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை நீ சொல்லவில்லை.

அதற்கப்புறம் அப்பா உன்னை நடுவில் உட்காரவைத்தார், என்னைக் கதவோரம். எனக்கு அது தண்டனை என்று தோன்றியது. உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று போன வாரம்வரை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடம் நான் கூப்பிட்டபோதெல்லாம் முழங்கால், தூசி, பேரக்குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்று ஏதாவது சொன்னாய். ஒரே ஒரு கிறிஸ்துமஸ் போனில் மட்டும், "கேட்டைத் திறந்து போட்டவளுக்கு அங்க என்னடா வேலை?" என்று சொல்லிச் சிரித்தாய். அது சிரிப்பில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நாலாவது கேட்டில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தபோது வின்னி லாஃபர்ட்டி வந்தாள். பெரியவர் போனபிறகு பண்ணையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். சின்ன வயதில் தொட்டியில் நம்மோடு குளித்த அதே வின்னிதான், இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். தன் வண்டியிலிருந்து வேலிக்கம்பி முறுக்கும் குறடை எடுத்து வந்தாள்.

"குனி."

"வின்னி, வேண்டாம், நான் ஊருக்குப் போயி டாக்டர்கிட்ட..."

"ஊரு எம்பது மைலு. உக்காந்து ஓட்டுவியா? குனிய்யா."

குனிந்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "ஆடாத டெல்மர். சூடு போடுற கன்னுக்குட்டி கூட இதைவிட அடக்கமா நிக்கும்," என்றாள். ஒரு இருபது முள் எடுத்தபிறகு, "உங்க அக்கா ஏன் வர்றதே இல்ல?" என்று கேட்டாள்.

"முழங்கால் வலி."

"முழங்காலா, கேட்டா?"

அவள் முள் பிடுங்குவதை நிறுத்திவிட்டாள்.

"எங்க அப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப ஒரு நாள் சொன்னாரு. அன்னிக்கி இந்தக் கேட்டுகிட்ட மண்ணுல கடைசியா பதிஞ்சிருந்தது சின்னப் பையன் பூட்ஸ் தடமாம். ஒரு பக்கத்துக் குதி தேஞ்ச பூட்ஸு. 'அப்ப ஏன்ப்பா சொல்லல?'ன்னு கேட்டேன். 'அவனே வந்து சொல்லுவான்னு பாத்துட்டு இருந்தேன் வின்னி'ன்னாரு."

அந்தக் கோலத்தில், அந்தக் கேட்டைப் பிடித்துக் குனிந்தபடி, நான் அழுதேன், அக்கா. வின்னி அது முள்ளுக்காக என்று எடுத்துக்கொண்டிருக்கலாம், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. "நான்தான் வின்னி," என்றேன். "தெரியும். குனி, இன்னும் மிச்சம் இருக்கு," என்றாள்.

பிறகு தொட்டிக்கு வந்து கூடாரம் போட்டேன். காற்று அதை இரண்டு தடவை பிடுங்கி எறிந்தது. நான் அதைத் துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் காட்டுப்பன்றிகள் ஒரு கூட்டமாக வந்து, ஃபெர்ன் கிளம்புமுன் கட்டிவைத்த டார்ட்டிலா ரொட்டிகளையும் சாசேஜையும் பையோடு இழுத்துப்போயின. காப்பிப் பாத்திரம் இருந்தது, காப்பித்தூளை மறந்திருந்தேன். பீன்ஸ் டின் இருந்தது, அதைத் திறக்கும் கருவி இல்லை. ஸ்குரூடிரைவரால் குத்திக் கொஞ்சம் உறிஞ்சினேன். மலை சிவந்தது. உட்கார முடியாததால் நின்றுகொண்டே பார்த்தேன். அப்பா இல்லை, காப்பி இல்லை, பின்தட்டில் என் பக்கத்தில் நீ இல்லை. டிக்கெட்டு இல்லாத காட்சிதான், ஆனாலும் ஒரு ஆளுக்கு அது ரொம்ப அதிகம். இருட்டியதும் குப்புறப் படுத்தேன். வானம் முழுக்க நட்சத்திரம் கொட்டிக் கிடக்க, நான் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு தூங்கினேன்.

ஒன்று மட்டும் புரிந்தது. ஐந்து கேட்டிலும் இறங்கினேனே, ஒவ்வொரு தடவையும் அந்த மண்ணில் முதலில் கால் வைத்தவன் நான். கேட்டைத் திறந்தால் மலை முழுசாகத் தெரிகிறது. வண்டிக்குள் நடுவில் உட்கார்ந்தவனுக்குக் கண்ணாடியில் பாதிதான் தெரியும். நீ ஏன் குதித்துக் குதித்து இறங்கினாய் என்று இப்போதுதான் தெரிந்தது. அதை நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டேன். கேட்டைத் திறந்து போட்டது நான். இதோ, என் கையெழுத்தில், நின்றபடி, வலியோடு எழுதுகிறேன். இதை உன் மகனுக்கும் மருமகளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. பாடகர் குழுவுக்கும் காட்டு.

நவம்பரில் வா, அக்கா. அப்போது காற்றும் குறைவு, கள்ளியும் என்னை மறந்திருக்கும். நான் சான் அன்டோனியோ வந்து உன்னை அழைத்துப் போகிறேன். கதவோர சீட் உன்னுடையது. முழங்கால் வலித்தால் மெதுவாக இறங்கு, நான் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். ஊஞ்சல் ஆடினாலும் சரி. "சர்க்கஸா காட்டுற?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டுமல்லவா, அதை நான் கேட்கிறேன்.

கர்த்தர் உன் முழங்காலையும் உன் கோபத்தையும் சேர்த்துத் தணிப்பாராக. உன் வீட்டார் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லு. ஃபெர்னும் அன்பு சொல்லச் சொன்னாள். எனக்கு மருந்து போடுகிற நேரத்தில் மட்டும் அவள் பேச்சில் அன்பு இல்லை.

என்றும் உன் கடனாளித் தம்பி,
டெல்மர்

பி.கு.: உறையை ஒட்டித் தபால்தலையும் போட்டபிறகு கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் வின்னி போன் செய்தாள். நாலாவது கேட் சங்கிலி மாட்டாமல் கிடக்கிறதாம். திரும்பி வரும்போது நான் உனக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன், வேறு ஒன்றும் நினைவில்லை. ஜட்ஜின் பேரனுக்குப் பேரன், அதே நெற்றிச் சுழியோடு, பூங்காவுக்குள் போய் மின்னசோட்டாக்காரர் ஒருவரின் கூடார வாசலில் படுத்துவிட்டதாம். அவர்கள் காலையிலிருந்து உள்ளேயே இருக்கிறார்களாம். "யாருய்யா கடைசியா கேட்டை மூடினது?" என்று வின்னி போட்ட சத்தத்தில் எனக்கு ஒரே நொடியில் மறுபடி ஒன்பது வயது ஆகிவிட்டது. வாய் முந்திக்கொண்டது. "ஒனீட்டா," என்று சொல்லிவிட்டேன்.

வின்னி சொன்னாள்: "டெல்மர், உன் பின்பக்கத்துல முள்ளு எடுத்தது நான். உன்கூட ஒரு ஈ காக்கா இல்ல." அதற்கப்புறம் அவள் சிரித்த சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. கடைசியில், "சரி, அப்ப நவம்பர்ல அந்த ஒனீட்டாவையே கூட்டிட்டு வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லு. அவங்க வராம நீ என் நிலத்துல காலு வைக்கக் கூடாது," என்று போனை வைத்துவிட்டாள்.

ஆகவே, அக்கா, நீ வராவிட்டால் எனக்கு அந்த மலை இனி இல்லை. மேலே நான் எழுதியதைப் பாடகர் குழுவுக்குக் காட்ட வேண்டாம். நவம்பரில் வின்னி முன்னால் நிற்கும்போது முகத்தைக் கொஞ்சம் தப்பு செய்தவள் மாதிரி வைத்துக்கொள். அப்போது என்னை ஒரு தடவை பார், இந்தத் தடவை நான் பூட்ஸ் முனையைப் பார்க்க மாட்டேன்.