தள ஒப்பந்தம் – புதியது 2

"என்னங்க, மாடிக்குக் குடி வர்றேன்னு சொன்ன தையற்கார அம்மா வந்து உக்காந்திருக்காங்க. அழுவுறாங்க. நீங்களே பேசுங்க."

மனைவி போனைக் கைமாற்றிவிட்டாள். ஆபீசில் டீயை வாயருகே கொண்டுபோயிருந்த தூதர் அப்படியே நிறுத்தினார்.

"சார், நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்று ஆரம்பித்தது அந்தக் குரல். "உங்க மாடியில உக்காந்து நான் எதைத் தைச்சாலும் அது உங்களுக்குச் சொந்தமா? ஒவ்வொரு சட்டைக்கும் நூத்துக்கு முப்பது உங்களுக்கா? மூணு வருஷத்துக்கு வேற யாருக்கும் தைக்கவே கூடாதா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நீங்க அனுப்புன ஒப்பந்தம்தான் சொல்லுது! அறுபத்திரண்டு பக்கம். பிரிண்ட் எடுக்கவே அரை நாள் ஆச்சு. இதைப் பத்தி வெளிய மூச்சு விட்டா என்மேல கேஸ் போடுவீங்கன்னு நாப்பத்தோராம் பக்கத்துல இருக்கு. இப்ப உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன். என்னை என்ன செய்யப் போறீங்க?"

தூதர் டீயைக் கீழே வைத்தார். அந்த அறுபத்திரண்டு பக்கமும் அவருக்கு மனப்பாடம். அது வீட்டு ஒப்பந்தமே இல்லை.

தூதர் என்பது ஆபீசில் வைத்த பட்டப்பெயர். கம்பெனி தயாரிப்பது டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி; தொழிலில் அதற்குத் 'தளம்' என்று பெயர். பெட்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதில் போட்டு விளையாட கேம் வேண்டுமே! போட்டிக் கம்பெனியின் பெட்டிக்கு எண்ணூறு கேம் இருந்தது. இவர்களுடையதற்கு நாலு. நாலும் சொந்தத் தயாரிப்பு, அதிலும் இரண்டு சீட்டாட்டம். வெளியில் கேம் செய்கிறவர்களைத் தேடிப் போய், கெஞ்சிக் கூத்தாடி, "எங்க தளத்துக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று கேட்பதுதான் தூதரின் உத்தியோகம். ஐந்து வருடமாகக் கேட்கிறார். ஒருவரும் வரவில்லை.

போன வாரம் முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சு கம்பெனியாவது கையெழுத்துப் போடணும். இல்லேன்னா உங்க நாற்காலியை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு பூந்தொட்டி வைப்பேன். அதுவாவது வளரும்."

முதலாளி விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் தூதர் நினைத்தார். மறுநாள் ஒரு ஆள் டேப்போடு வந்து அவர் உட்காரும் மூலையை அளந்துகொண்டு போனான்.

வேலை போனாலும் மாடி வாடகையாவது வரட்டும் என்று அன்று மதியமே பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லி மூன்று பக்கத்தில் ஒரு வாடகை ஒப்பந்தம் வாங்கினார். 'மேல்தளப் பயன்பாடு' என்று அவர் எழுதியிருந்ததால் அதை 'தள ஒப்பந்தம் – புதியது' என்ற பெயரில் கம்ப்யூட்டரில் போட்டார். கம்பெனி வக்கீல் எழுதிய அறுபத்திரண்டு பக்கம் ஏற்கெனவே அங்கே 'தள ஒப்பந்தம் – புதியது 2' என்ற பெயரில் இருந்தது. பூந்தொட்டியை நினைத்தபடியே இரண்டையும் அனுப்பினார்.

போனைக் காதில் வைத்தபடியே கம்ப்யூட்டரில், அனுப்பிய கடிதங்களைத் திறந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. தையற்கார அம்மாவுக்குக் கம்பெனி ஒப்பந்தம் போயிருந்தது. பதினோரு கேம் கம்பெனிகளுக்கு அவர் வீட்டு மாடி போயிருந்தது.

"அம்மா, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. உங்களை யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க" என்று போனை வைத்தவர், அவசர அவசரமாகப் பதினோரு பேருக்கும் எழுதினார்: 'தாங்கள் பெற்ற ஒப்பந்தம் தவறுதலாக அனுப்பப்பட்டது. அருள்கூர்ந்து படிக்காமல் அழித்துவிடவும்.'

ஐந்து வருடமாக அவர் அனுப்பிய எதையும் அந்தப் பதினோரு பேரும் திறந்ததில்லை. படிக்காதீர்கள் என்றதும் பதினோரு பேரும் படித்தார்கள்.

இருபதாவது நிமிடம் போன் அடித்தது. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் கேம் கம்பெனி நடத்தும் அக்கா தங்கையில், அக்காக்காரி.

"சார், ஒப்பந்தம் பாத்தோம். கையெழுத்துப் போட்டு உங்க முதலாளிக்கே அனுப்பிட்டோம்."

"அழிக்கச் சொல்லி எழுதியிருந்தேனேம்மா!"

"அதையும் பாத்தோம். ஏன் சார், நல்லாத்தானே இருக்கு?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என் தங்கச்சி சார். படம் வரையறவ. அதிகம் பேச மாட்டா."

தூதர் அவசரமாகக் கணக்குப் போட்டார். அது என் வீட்டு மாடி என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஊரே சிரிக்கும். சிரிப்பு மாலைக்குள் முதலாளி காதுக்குப் போகும். பூந்தொட்டி வந்துவிடும். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

வைத்த கையோடு முதலாளி கூப்பிட்டார். தூதர் உள்ளே போனார்.

முதலாளியின் மேஜையில் மூன்று ஒப்பந்தங்கள் கிடந்தன. அவர் மூடியைத் திறந்து பேனாவை உதறிக்கொண்டிருந்தார்.

"யோவ் தூதரே! மூணு கம்பெனிய்யா! அஞ்சு வருஷம் தூங்கிட்டு ஒரே காலையில எப்படிய்யா எழுந்தீங்க?"

"சார், ஒரு நிமிஷம். வக்கீல் ஒரு தடவை பாத்துட்டா நல்லது."

"அவர் பாத்தா மூணு பக்கம் அறுபது பக்கம் ஆகும். அறுபதைப் பாத்துட்டு மூணு பேரும் ஓடிடுவாங்க." கையெழுத்துப் போட்டபடியே ஒரு வரியில் அவர் கண் நின்றது. "இது என்னய்யா? 'நாளொன்றுக்கு இருவேளை தண்ணீர் விடப்படும்'?"

தூதர் மேஜைப் பக்கம் குனிந்து அந்த வரியைப் பார்த்தார்.

"அது... தொழில்ல சொல்ற வார்த்தை சார். செடிக்குத் தண்ணி விடற மாதிரி, அவங்களுக்குச் சந்தேகம் வந்தா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நம்ம என்ஜினியருங்க பதில் சொல்லணும்."

"பிரமாதம்! இன்னைக்கே சொல்லிடறேன்." முதலாளி போனை எடுத்தார். அன்றிலிருந்து என்ஜினியர்கள் இரண்டு வேளையும் போன் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. படிக்கட்டில் தூதரைக் கண்டால் அவர்கள் முறைத்தார்கள்.

மறுநாள் அக்காக்காரி மறுபடியும் கூப்பிட்டாள்.

"சார், ஆறாவது ஷரத்து. 'பூனை வளர்க்கலாம், நாய் கூடாது.' எங்க கேம்ல ஹீரோவே நாய்தான். என்ன பண்றது?"

"நாய்... நாய் இருக்கலாம்மா."

"குரைக்கலாமா?"

"குரைக்கட்டும்."

"எழுத்துல குடுத்துடுங்க சார். நாளைக்கு வேற யாராவது வந்து கேட்டா?"

கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் வீடு கட்டும் கேம் செய்கிறவர் கூப்பிட்டுச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டார். "எத்தனை ஆணி வேணும்னாலும் அடிங்க" என்று அதையும் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் தன் கையெழுத்து இருக்கிறது என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இனி அது தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தெரிந்தே செய்த மோசடி.

வியாழக்கிழமைக்குள் பதினோரு கம்பெனியும் கையெழுத்துப் போட்டிருந்தது. வீட்டில் அவர் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"வேலை பொழச்சிருச்சுன்னு சொன்னீங்க. பின்ன ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"பதினோரு கம்பெனிக்கு நம்ம மாடியை விட்டுட்டேன்."

அவள் மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். "பாத்ரூம் ஒண்ணுதானே இருக்கு" என்றாள்.

தூதருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஜெயில்ல போடுவாங்களாடி?"

"அழுதுட்டிருந்த தையற்கார அம்மாவுக்கே நீங்க போன்ல உண்மையைச் சொல்லல. யார்கிட்டயாவது ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா சோறு இறங்காது."

சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குப் போனார். முதலாளி அறை வாசலில் நின்று கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோது கதவு தானாகத் திறந்தது.

"வாங்க தூதரே, உங்களைத்தான் தேடறேன்! சாயங்காலம் பெரிய ஹால்ல விழா. பதினோரு கம்பெனியும் வருது, பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நம்ம வக்கீல் மேடையில ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசிக்கப் போறாரு. ஒளிவு மறைவு இல்லாத கம்பெனின்னு ஊருக்குத் தெரியட்டும்!"

தூக்கிய கையைத் தூதர் தலையைச் சொறியப் பயன்படுத்திக்கொண்டார்.

சாயங்காலம் ஹாலில் கடைசி வரிசையில், வெளியேறும் கதவுக்கு ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். முன்வரிசையில் பதினோரு கம்பெனிக்காரர்களும் சலவைச் சட்டையோடு வரிசையாக இருந்தார்கள். தங்கைக்காரி நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். வக்கீல் கண்ணாடியை மாட்டினார். ஒப்பந்தத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இருபுறமும் திருப்பினார். மீதிப் பக்கங்கள் எங்கே என்று மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"உரிமையாளர் தமது... தளத்தை, குடியிருப்பவரின் பயன்பாட்டுக்கு..." வக்கீலின் குரல் இழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

தூதர் வெளியேறும் கதவைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். இப்போது வக்கீல் நிமிர்ந்து, இது யார் வேலை என்று கேட்கப் போகிறார்.

"முன்கூட்டித் தெரிவிக்காமல் உரிமையாளர் உள்ளே நுழையக் கூடாது."

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. முதலாளி முகமெல்லாம் பல்லாக அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். வக்கீல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கைதட்டல் அடங்கவில்லை. மேஜையில் இருந்த பதினோரு ஒப்பந்தத்தின் அடியிலும் முதலாளியின் கையெழுத்து இருந்ததை அவரும் பார்த்துவிட்டார். மேற்கொண்டு வாசித்தார்.

"கசிவு ஏற்பட்டால் ஏழு நாளைக்குள் உரிமையாளர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும்."

"பெட்டியில கோளாறு வந்தாக்கூட ஏழே நாள்!" என்று முதலாளி மைக்கைப் பிடுங்கி விளக்கினார். மறுபடி கைதட்டல். பத்திரிகைக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் இவ்வளவு அப்பாவிகளாக இருக்கிறார்களே என்று தூதர் நினைத்துக்கொண்டார். பயத்தோடு இப்போது பாவமும் சேர்ந்துகொண்டது.

விழா முடிந்ததும் வக்கீல் நேராக முதலாளியிடம் போவதைத் தூதர் பார்த்தார். தூண் மறைவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"சார், இதுல மாசாமாசம் ஒரு சின்னத் தொகைதான் வரும். விற்பனையில நமக்கு வரவேண்டிய நூத்துக்கு முப்பது பங்கு போச்சு."

"அஞ்சு வருஷமா நமக்கு வந்தது பூஜ்யம். பூஜ்யத்துல முப்பது பங்கு எவ்வளவுன்னு போட்டுச் சொல்லுங்க வக்கீல் சார்" என்றார் முதலாளி. "தூதர் எங்கேய்யா? அந்த ஆளைப் பெரிய ரூமுக்கு மாத்தணும்."

தூதர் தூணோடு ஒட்டிக்கொண்டார். கும்பலாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பெரிய ரூமைத் தாங்க முடியவில்லை. இனிமேல் இது வெளியே வந்தால் விழுவதும் அவ்வளவு உயரத்திலிருந்துதான் இருக்கும். அதைவிட, அந்த அக்கா தங்கை. இரண்டு வருஷம் கண்விழித்து ஒரு கேம் செய்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து ஒரு வீட்டு மாடிக் காகிதத்தின்மேல் வைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், அந்தப் பெண்கள் பிழைப்பு என்னாவது?

வாசலில் அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தூதர் ஓடிப்போய் வழிமறித்தார்.

"அம்மா, உங்க ரெண்டு பேர்கிட்டயாவது உண்மையைச் சொல்லிடறேன். அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. நீங்க கையெழுத்துப் போட்டது கம்பெனி ஒப்பந்தமே இல்லை. அது என் வீட்டு மாடி. நாயும் ஆணியும் தண்ணியும் எல்லாம் என் வீட்டு மாடி. தப்பா அனுப்பிட்டேன். பயத்துல அதை மூடி மறைச்சேன். ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நானே போய் முதலாளி கால்ல விழுந்து, சரியான ஒப்பந்தத்தை வாங்கிட்டு வந்துடறேன்."

அக்காக்காரி தங்கையைப் பார்த்தாள்.

தங்கை நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தூதரிடம் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"ஐயய்யோ, அதை மட்டும் செஞ்சுடாதீங்க சார்! இது வீட்டு வாடகைக் காகிதம்னு பதினோரு பேருக்கும் முதல் வரியிலயே தெரியும். 'காலி செய்யும்போது குடியிருப்பவர் தம் பொருளைத் தாமே எடுத்துச் செல்லலாம்'னு கடைசி வரியில இருந்துச்சே, அதைப் பாத்துட்டு, எங்க கேம் எங்களுக்கே மிஞ்சுமேன்னு, நீங்க சரியான ஒப்பந்தத்தை அனுப்பறதுக்குள்ள போட்டுடணும்னு பயந்து பயந்துதான் கையெழுத்தே போட்டோம்."