முள்ளம்பன்றி ஜெயித்த வழக்கு

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தார். சடையப்பன் என்று பேர். மற்ற மிருகங்களுக்குப் பேனா வேண்டுமென்றால் ஊரெல்லாம் தேட வேண்டும். சடையப்பன் முதுகைத் தடவினால் போதும். அந்த ஒரு வசதியால்தான் அவர் மனு எழுதுகிறவர் ஆனார். தன் அறிவினால் ஆனதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார், அது வேறு விஷயம்.

மனிதர்கள் எப்போதோ விட்டுப்போன தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அந்தக் காட்டில் இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கீழே சுவரோரம் சடையப்பனின் வளை. ஒருநாள் காட்டுக் கட்டட வாரியம் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனது: பாழடைந்த இக்கட்டடம் விரைவில் இடிக்கப்படும்.

அதைப் பார்த்ததும் அவர் மனைவி வேலாயி கூரையை அண்ணாந்து பார்த்தாள். போன கோடையில் ஓடைக்கு அந்தப் பக்கம் இதே கூரை போட்ட கொட்டகை ஒன்றை இடித்தார்கள். தூசி அடங்கிவிட்டது, அவள் தங்கை வீட்டாரின் இருமல் இன்னும் அடங்கவில்லை. இங்கேயோ வளைக்குள் முள் கூடக் கெட்டியாகாத இரண்டு குட்டிகள்.

"ஏங்க, வேற எடம் பாத்துப் போயிரலாமா?"

"எதுக்குப் போகணும்? கூரையில விஷம் இருக்கா இல்லையான்னு வாரியம் சோதனை பண்ணி வச்சிருக்கும். அந்த அறிக்கைய வாங்கிட்டா, தூசி பறக்காம கூரைய நனைச்சுப் பக்குவமா ஒவ்வொரு தகடா கழட்டித்தான் ஆகணும். சட்டம் இருக்கு வேலாயி."

"சட்டம் இருக்கட்டும். புள்ளைங்களும் இருக்கணும்ல."

சடையப்பன் ஒரு முள்ளைப் பிடுங்கி மனு எழுதினார். அவர் எழுதும் எந்த மனுவுக்கும் கடைசி வரி ஒன்றுதான், சொந்தச் சரக்கு: 'இடையில் எத்தடை இருப்பினும் அதனை உடனே அகற்றித் தகவலை வழங்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.' எழுதி முடித்து அந்த வரியை மட்டும் சத்தமாக வாசித்துப் பார்ப்பார். கேட்க ஆளில்லாவிட்டால் குட்டிகளுக்காவது வாசித்துக் காட்டுவார்.

வாரியத்தின் தகவல் அலுவலர் ஒரு தேவாங்கு. பகலெல்லாம் தூங்குகிற பிராணி. அலுவலக நேரமோ பகல்.

"ஐயா, என் மனு என்ன ஆச்சு?"

தேவாங்கு ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பரிசீலனையில இருக்கு."

"போன தடவையும் இதத்தானே சொன்னீங்க."

"போன தடவையும் பரிசீலனையிலதான் இருந்துச்சு. நான் பொய் சொல்ல மாட்டேன்." கண் மூடிக்கொண்டது.

நினைவூட்டல் எழுதினார், ஒரு முள் போனது. மேல்முறையீடு எழுதினார், இன்னும் சில போயின. மேல்முறையீட்டுக்கு மேல்முறையீடு எழுதியதில் நடுமுதுகு பளபளவென்று தெரிய ஆரம்பித்தது.

"முதுகுல சப்பாத்தி தேய்க்கலாம் போல இருக்கு" என்றாள் வேலாயி.

"போராட்டம்னா சும்மாவா?" என்றார் சடையப்பன். உள்ளுக்குள் அவருக்கு அதில் ஒரு பெருமை. தண்ணீர் குடிக்கப் போனால் அந்த வழுக்கையை நாலு பேர் நிற்கிற பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் குடிப்பார்.

கடைசியில் வாரியத்தின் மேல் வழக்கே போட்டுவிட்டார். நீதிபதி ஒரு நாரை. ஓடைத் தண்ணீரில் ஒற்றைக்காலில் நின்று விசாரிப்பார். காலை மாற்றிக்கொண்டால் வாய்தா என்று அர்த்தம். பலமுறை மாற்றினார்.

தீர்ப்பு நாளன்று காலையில் வேலாயி குட்டிகளை முன்னால் விட்டுக்கொண்டு வளை வாசலில் நின்றாள். "தங்கச்சி மகனுக்கு மூச்சு வாங்குதாம். நாங்க மேட்டுக்காட்டுக்குப் போறோம். நீங்களும் வாங்க."

"இன்னைக்குத் தீர்ப்பு, வேலாயி. ஜெயிக்கிற நேரத்துல ஓடச் சொல்றியே."

"சரி, ஜெயிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

நீதிமன்றத்தில் நாரை கழுத்தை நீட்டிக் கேட்டார். "அறிக்கை இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க ஐயா" என்றார் தேவாங்கு.

"எங்க இருக்கு?"

"அந்தத் தொழிற்சாலை மாடியிலதாங்க. வாரியத்தோட பழைய காகிதமெல்லாம் அங்கதான் கெடக்கு."

"எடுத்துக் குடுத்துட வேண்டியதுதானே?"

"உள்ள போக முடியாதுங்க. ஆபத்தான கட்டடம்."

சடையப்பன் துள்ளி எழுந்தார். "ஆபத்துன்னு அவரே ஒத்துக்கிட்டாருங்க."

"ஆபத்தா இல்லையான்னு அறிக்கையப் பாத்தாத்தான் தெரியும். அறிக்கை உள்ள இருக்கு" என்று தேவாங்கு கொட்டாவி விட்டார்.

நாரை மனுவை எடுத்துக் கடைசி வரிவரை படித்தார். அவருக்கு முகம் மலர்ந்தது. "மனுதாரர் கேட்டது கேட்டபடி வழங்கப்படுகிறது. எத்தடை இருப்பினும் அதனை உடனே அகற்றித் தகவலை வழங்க வேண்டும். இங்கே தடை, கட்டடம்."

தன் வரி நீதிபதி வாயில் வந்த சந்தோஷத்தில் சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. காடே கைதட்டியது. முதுகில் முள் இல்லாததால் வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாரும் அவரைப் பயமில்லாமல் கட்டிப்பிடித்தார்கள். அந்தச் சுகத்தில் ஓடைக்கரை வரை வந்த பிறகுதான் தீர்ப்பின் கடைசி வார்த்தை அவர் காதுக்குள் போய்ச் சேர்ந்தது.

ஓடினார். இடிக்கும் குத்தகை எடுத்த காட்டெருமை தொழிற்சாலைச் சுவரின் முன்னால் கொம்பைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க. முதல்ல கூரைய நனைக்கணும்."

"கோர்ட்டு 'உடனே'ன்னு போட்டிருக்கு தம்பி. தண்ணி ஊத்திக்கிட்டு நின்னா அவமதிப்பு ஆயிடும். யாரோ ஒரு புண்ணியவான் கேஸ் போட்டானாம், அவன் நல்லா இருக்கணும். இல்லன்னா வருஷக்கணக்கா இழுத்திருப்பாங்க."

ஒரே முட்டு. கூரை படபடவென்று சரிந்தது. வெள்ளைப் புழுதி எழும்பி மரத்தில் படிந்தது, ஓடையில் படிந்தது, நீதிபதியின் மேலேயும் படிந்தது.

அந்தச் சத்தத்தில் தேவாங்குக்கு இரண்டு கண்ணும் திறந்துவிட்டது. இடிபாட்டுக்குள் போய்க் கை நிறைய எதையோ அள்ளிக்கொண்டு வந்தார். "இந்தாங்க, நீங்க கேட்ட தகவல்."

"இது வெறும் தூசிங்க."

"அறிக்கையும் கூரையும் கலந்துபோச்சு. பிரிச்சுக் குடுக்க விதியில எடமில்ல. பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

சடையப்பன் முதுகைத் தடவினார். வாலோரம் ஒரே ஒரு முள் மிச்சம் இருந்தது. பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடிக்கும்போது ஒரு இருமல் வந்தது. அது அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. கூரையில் விஷம் இருந்ததா இல்லையா என்று இனிமேல் அவர் யாரிடமும் மனு போட வேண்டியதில்லை.

நீதி: வாரியத்திடம் கேட்ட தகவல் ஒருநாளும் வராமல் போகாது; கேட்டவர் மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் போதும்.