ஞாயிற்றுக்கிழமையே முடிந்த புதன்கிழமை ஜெபம்

"அப்பா, இப்ப நாம எந்தக் கிழமை ஜெபம் பண்றோம்?"

ஏழு வயது தா-ஓன் கேட்ட இந்தக் கேள்வியின் ஆழத்தை இறையியல் கல்லூரிகள் இன்னும் உணரவில்லை. அவள் தகப்பன், சபையில் டீக்கன் பொறுப்பு வகித்த பியோ குவாங்-இல், காலத்தையே வென்றவர் என்பதற்கு அதுவே சாட்சி.

ஜோன்ஜு நகரத்து அவர்கள் சபையில் 'வீட்டின் ஆசாரியர்' பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தகப்பனும் தினமும் மாலையில் குடும்ப ஜெபம் நடத்தி, அதன் ஆதாரப் படத்தைக் கைப்பேசியில் ஆண்கள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பரலோகத்திலிருந்து பதில் தாமதமாகலாம். குழுவிலிருந்து உடனே வந்துவிடும். கைதட்டும் கரடி ஸ்டிக்கர், பூங்கொத்து ஸ்டிக்கர், "ஆமென், டீக்கன்!"

வாரநாட்களில் அலுவலக விருந்துகள் ஆவிக்குரிய தலைமைக்குக் குறுக்கே நின்றன. குவாங்-இல் சோர்ந்துவிடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், வாரம் முழுவதற்குமான தலைமையை ஒரே மூச்சில் வழங்கினார்.

"பச்சை ஸ்வெட்டரைக் கழட்டுங்க, திங்கள் முடிஞ்சுது. மஞ்சளைப் போடுங்க, புதன் வருது."

"செவ்வாய் எங்கப்பா?"

"செவ்வாயில நீ சிரிச்சுட்ட. அதைக் கடைசியில எடுத்துக்கலாம்."

மனைவி ஓக்-ரான் மெல்லத் தொடங்கினாள். "ஏங்க, புதன்கிழமை எனக்கு…"

"புதனைத்தான் எடுக்கிறேன். தலையைக் குனி. இன்னும் கொஞ்சம். ஆங், உருக்கமா இருக்கு!"

உருக்கமாகத்தான் இருந்தது. புதன் மாலை, படம் குழுவுக்குப் போனதும் பூங்கொத்துகள் குவிந்தன. விருந்தில் இறைச்சி வாட்டிக்கொண்டே குவாங்-இல் அவற்றைத் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டார்.

வியாழனன்று போதகரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"டீக்கன், ஓக்-ரான் எப்படியிருக்கா? நேத்து சாயந்தரம் ஆஸ்பத்திரிக்குத் தனியா வந்திருந்தா."

"நேத்தா? வீட்ல குடும்ப ஜெபத்துல இருந்தாளேம்மா."

"நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேனே!"

"என்கிட்ட படம் இருக்கும்மா. மஞ்சள் ஸ்வெட்டர். அனுப்பட்டுமா?"

அனுப்பினார். மறுமுனையில் அவர் படத்தைத் திறந்து பார்த்தார்.

"அழுதுட்டிருக்கா, டீக்கன்."

பூங்கொத்துகளை விலக்கிவிட்டு, குவாங்-இல் அந்தப் படத்தை முதல் முறையாகப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போனார். ஓக்-ரான் முளைப்பயறின் வேரைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"மார்புல கட்டி. நாளைக்கு முடிவு சொல்வாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எந்தக் கிழமையில சொல்றது?"

வெள்ளியன்று அவர் விடுப்பு எடுத்தார். ஆளில்லாத ஆஸ்பத்திரி நடையில், அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெபிக்க வாய் திறந்தார். சபையையே உருக வைக்கும் நாக்கு புரளவில்லை. அவள் கை சில்லிட்டிருந்தது. அதைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"இன்னொரு சோதனை பண்ணணும்," என்றார் மருத்துவர்.

"அதுக்கும் நான் வர்றேன்," என்றார் குவாங்-இல். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் படம் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபம் வெள்ளை ஸ்வெட்டரில் கைப்பேசிக்குள் தயாராக இருந்தது. அவர் அனுப்பவில்லை. ஆகவே அன்று மாலை குழுவின் தலைவர் கனத்த இருதயத்தோடு அறிவித்தார்: 'பியோ குடும்பத்தில் இன்று ஆவிக்குரிய தலைமை நடைபெறவில்லை.'

பின்வாங்கிப்போன அந்தச் சகோதரனுக்காக மற்ற தகப்பன்மார் அனைவரும், சென்ற ஞாயிறே எடுத்து வைத்திருந்த படங்களில், அன்றிரவு குடும்பத்தோடு ஊக்கமாக ஜெபித்தார்கள்.