மீதி மூன்று துண்டுகள்

வேலை செய்கிறவர், செய்யாதவர் என்று மனிதர்களை நீங்கள் இரண்டாக வகுத்து வைத்திருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: வேலையைப் பிரிக்கிறவர். இவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், விடிந்ததிலிருந்து பிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மென்பொருள் கம்பனியில் குழுத் தலைவராக இருக்கும் ஸிபானைப் பாருங்கள். நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கையில் அக்குறணைப் புடவைக்கடை முஹைதீன் ஹாஜியார் அவரைத் தேடி வந்தார்.

"மகன், பெருநாளைக்கு ஆக்கள் ஊட்டுல இருந்தே உடுப்பு ஓடர் பண்ணோணும். அது கடைக்கு வந்து சேரோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? இத்தனை பெரிய விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடும் மனிதர் எப்படித்தான் கடை நடத்துகிறாரோ என்று ஸிபானுக்கு இரக்கமே வந்தது. அன்று மாலைக்குள் சுவரில் பன்னிரண்டு மஞ்சள் ஒட்டுத்தாள்கள் ஏறின. மறுநாள் ஒவ்வொன்றும் நாலு குட்டி போட்டது. குட்டிகள் பேரன் பேத்தி கண்டன. திரையில் அழுத்தும் 'பட்டன்' என்றிருந்த ஒரு வேலை பட்டனின் நிறம், பட்டனின் விளிம்பு, பட்டனில் எழுத்து, அந்த எழுத்து மூன்று மொழியிலும் பட்டனுக்குள் அடங்குமா என்ற ஆராய்ச்சி எனக் கிளைத்து, எல்லாம் சேர்ந்து இருநூற்றுப் பதினான்கில் வந்து நின்றது. காலைக் கூட்டத்தை நின்றபடியே பதினைந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. முடியவில்லை. என்ன செய்தார்? கூட்டத்தையும் இரண்டாகப் பிரித்தார்.

கலஹாவிலிருந்து பஸ்ஸில் வந்து நிரல் எழுதும் சுகிர்தா, ஸிபானை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைப்பவள், ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள்.

"நானா, ஓடர் கடைக்குப் போற வேலைய மொதல்ல செஞ்சிரவா? ரெண்டு நாள்ல முடிச்சிருவேன்."

"ரெண்டு நாளா? அப்ப அது பெரிசு. இன்னம் ஒடைக்கோணும் தங்கச்சி."

உடைக்க நேரம் வாய்க்கவில்லை. சின்னத் தாள்கள் எத்தனையோ காத்திருந்தன. ஒவ்வொன்றும் 'முடிந்தது' பக்கம் நகரும்போது ஸிபானின் நெஞ்சு குளிர்ந்தது.

இருபதாம் நோன்பன்று ஹாஜியார் மகள் நுஸ்ஹாவோடு வந்தார். இருநூற்றுப் பதினொன்று முடிந்திருந்தன. நுஸ்ஹா திரையில் ஒரு பச்சைச் சல்வாரைத் தெரிந்தெடுத்துப் பட்டனை அழுத்தினாள். அழகான பட்டன். மூன்று மொழியிலும் அழகு. ஒன்றும் நடக்கவில்லை.

"மிச்சம் என்ன மகன்?"

ஸிபான் தாள்களைப் பார்த்து வாசித்தார்: ஓடர் போடுதல். ஓடர் கடைக்கு வருதல். வந்ததைக் கடைக்காரர் அறிதல். வாசிக்க வாசிக்க அவருக்கே காது சுட்டது.

ஹாஜியார் கோபிக்கவில்லை. அதுதான் கொடுமை. "அப்ப, நான் கேட்டது மட்டும்தான் மிச்சமா?" என்றார்.

நுஸ்ஹா படிக்கட்டில் நின்றே சல்வார்ப் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டாள். நோன்பு திறக்குமுன் நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். அந்த வேலை கம்பனியின் கையைவிட்டுப் போயிற்று.

ஸிபான் உண்மையிலேயே வருந்தினார். நேரில் போய் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு அதை ஐந்தாகப் பிரித்தார். பெருநாள் போய் இரண்டு வாரமாகிறது. எந்தச் சட்டை போடுவது என்ற துண்டு வெற்றிகரமாக முடிந்திருக்கிறது.

சிரிக்கிறீர்கள். நல்லது. செய்ய வேண்டிய ஒரு காரியத்துக்கென்று புதுக் கொப்பி வாங்கி, முதற்பக்கத்தில் கோடு போட்டுத் தலைப்பெழுதி மூடி வைத்திருக்கிறீர்களே, அந்தக் கோடு நேராக வந்ததா?