ரோபோவிடம் தலையாட்டிய கதை

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு நோய் வந்தால் கூடவே பெருமையும் வந்துவிடும். சாவு வீட்டுக் கூடாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தனக்குச் சர்க்கரை பதினெட்டு என்பார் (எங்கள் நாட்டு அளவில் ஏழைத் தாண்டினாலே வியாதிதான்). பக்கத்து நாற்காலிக்காரர் “அவ்வளவுதானா?” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தனக்கு இருபத்துநாலு என்பார். இந்தப் போட்டியில் எனக்கு வெகுகாலம் இடமே கிடைக்கவில்லை. சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை (ரத்தத்தில் இல்லை என்று சொல்ல வந்தேன்). பிறகு என் வலது கண்ணில் சதை வளர்ந்தது.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்கு லோரி ஓட்டுகிறவன் நான். கறுப்புக் கண்ணாடி போடு என்று சொன்னவர்களையெல்லாம் கிண்டலடித்துவிட்டு, வெயிலையும் புழுதியையும் வெறுங்கண்ணால் வாங்கிக்கொண்ட வீரன். அதன் பலனாக மூக்கோரத்து வெள்ளைவிழியில் சிவப்பாக ஒரு சதை கிளம்பி, கருவிழியின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. அது கண்பாப்பாவை மூடிவிட்டால் லோரி லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்றார் கிளினிக் டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் சாதாரண ஆபரேஷனுக்கு நாளும் வாங்கிக் கொடுத்தார். லோரி ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு ஒரு வேலையும் தெரியாது. மூளை உள்ளவனாக இருந்தால் அந்த நாளில் போய்ப் படுத்து எழுந்து வந்திருப்பேன்.

அப்போதுதான் என் மனைவி பார்வதியின் தம்பி குணா சபாக் பட்டணத்திலிருந்து போன் பண்ணினான். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணின் மேற்பரப்பு ஆபரேஷனை ரோபோவை வைத்துச் செய்து பார்க்கிறார்களாம், அதற்கு ஆள் தேடுகிறார்களாம். நான் அன்றே விண்ணப்பித்தேன். அவர்கள் என்னை எடுத்துக்கொண்டதும், கையில் இருந்த நாளை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

“இருக்கிற டேட்ட விட்டுட்டு எங்கங்க போறீங்க?” என்றாள் பார்வதி.

“மனுசன் கை நடுங்கும். ரோபோ கை நடுங்காது, தெரியுமா?”

“கண்ணுங்க அது. லோரி டயரு இல்ல. வெளையாடாதீங்க.”

நான் கேட்டால்தானே! பெட்ரோல் நிலையத்தில் சொன்னேன், முடிவெட்டும் கடையில் சொன்னேன், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவரிடமும் சொன்னேன். குணா தன் பங்குக்கு ஒரு பேனர் அடித்து எங்கள் தாமான் குடியிருப்பு வாசலில் கட்டினான். ‘ரோபோவிடம் கண் கொடுக்கும் முதல் கோல சிலாங்கூர்த் தமிழர்’. கீழே என் படம். அதில் நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன் (வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை போட்டது, அதுவும் ஒரு கல்யாணத்தில் இரவல் வாங்கி). அந்தப் பேனரை நின்று படிக்காமல் நான் ஒருநாளும் வீட்டுக்குள் போனதில்லை.

ஆபரேஷனில் விழித்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும், ஆடாமல் அசையாமல் ஒத்துழைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒத்துழைப்பு என்றால் கண் சிமிட்டாமல் இருப்பது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தினமும் மேசைக் காத்தாடியை முழு வேகத்தில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து கண்ணை விரித்துப் பழகினேன். கண்ணீர் கொட்டும். பார்வதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்றைக்கு ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் கிளம்பி வந்தார்கள். ஆபரேஷனை வெளியே திரையில் காட்டுவார்கள் என்பதை நான் எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

உள்ளே போனால் முதல் ஏமாற்றம். கையுறை மாட்டிக்கொண்டு ஓர் எந்திர மனிதன் நிற்பான் என்று நினைத்திருந்தேன். அங்கே பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு தூணும், அதிலிருந்து மடங்கி நீளும் சில இரும்புக் கைகளும்தான் இருந்தன. அதை இயக்குகிற டாக்டரம்மா மூலையில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் தமிழ்ப் பெண்தான், என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். அவர் விரலை அசைத்தால் எந்திரம் அதை மயிரளவுக்குச் சுருக்கி, நடுக்கத்தை வடிகட்டி, என் கண்ணில் செய்யுமாம். அப்படியானால் பேனரில் அந்தப் பிள்ளையின் படத்தைத்தானே போட்டிருக்க வேண்டும்?

இரண்டாவது ஏமாற்றம், கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டு இமைகளை ஒரு கம்பியால் விரித்து வைத்துவிட்டார்கள். சிமிட்ட நினைத்தாலும் முடியாது. காத்தாடி முன்னால் நான் செய்த தவமெல்லாம் வீண்.

“அண்ணே, தலைய மட்டும் அசைக்காதீங்க. அசைச்சா மெஷின் பாதுகாப்புக்குத் தானா நின்னுடும். புரிஞ்சுதா?” என்றார் டாக்டரம்மா.

புரிந்தது. புரிந்தது என்பதற்கு அடையாளமாகத் தலையை இடமும் வலமுமாக அழகாக ஆட்டினேன். கீச் என்றொரு சத்தம். எந்திரம் நின்றுவிட்டது.

மறுபடி தொடங்கினார்கள். சதையை மெல்ல உரிக்க ஆரம்பித்ததும், “வலிக்குதாண்ணே?” என்றார். இல்லை என்று ஆட்டினேன். கீச். “பரவால்ல, பதறாதீங்க, சரியா?” சரி என்று ஆட்டினேன். கீச். மலாய்க்கார நர்ஸ் “அங்கிள், ஜாங்கான் கெராக் லா!” என்று, அசையவே வேண்டாமென்று மலாயில் கெஞ்சி, என் நெற்றியைக் கட்டிலோடு சேர்த்து பிளாஸ்டர் போட்டு ஒட்டினார். “இப்ப வசதியா இருக்காண்ணே?” என்று அன்பாகக் கேட்டார் டாக்டரம்மா. நான் ஆட்டிய ஆட்டத்தில் பிளாஸ்டர் என் புருவத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு வந்தது.

வேண்டுமென்றா செய்தேன்? என் அப்பா தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் முன்னால் வாயைத் திறந்து பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. கணக்கெழுதும் கிராணி கேட்டாலும் தலைதான், துரை கேட்டாலும் தலைதான். பெரியவர்களுக்கு வாயால் பதில் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாக ஆகிவிடும் என்று வளர்ந்த கூட்டம் நாங்கள். கேட்டதற்கெல்லாம் ஆட்டி ஆட்டி எங்கள் கழுத்தே அப்படி அமைந்துவிட்டது. அந்த மரியாதையை வேண்டாமென்று சொன்ன முதல் முதலாளி இந்த எந்திரம்தான்.

அடுத்த கீச்சுக்கு இரும்புக் கைகள் மேலே தூக்கிக்கொண்டன. திரும்ப இறங்கவில்லை. ஆங்கிலத்தில் யாரோ யாரிடமோ அவசரமாகப் பேசினார்கள். சதை பாதி உரிந்த நிலையில் கண் திறந்தபடியே கிடந்தேன். அப்போதுதான் எனக்கு பயம் வந்தது. பேனர் மறந்துபோனது. லோரி ஞாபகம் வந்தது, பார்வதி ஞாபகம் வந்தது. அன்று முதல்முறையாக வாயைத் திறந்தேன்.

“டாக்டர், கண்ணு போயிடுமா?”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“போகாதுண்ணே. மிச்சத்த நான் கையாலயே செஞ்சிடறேன். இனிமே ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன், போதுமா?” என்றவர், நான் பதில் சொல்வதற்குள் என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இதுக்கும் ஆட்டாதீங்க!”

நர்ஸ் என் தலையைப் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மாவின் சுண்டுவிரல் என் கன்னத்தில் ஊன்றியிருக்க, மீதி வேலை சத்தமில்லாமல் முடிந்தது. அந்த விரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. மனுசன் கையைப் பற்றிப் பார்வதியிடம் நான் அளந்ததெல்லாம் நினைவுக்கு வந்து, படுத்தபடியே வெட்கப்பட்டேன்.

வெளியே என் கண்ணைத் திரையளவுக்குப் பார்த்த சொந்தங்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குணா மட்டும் குடும்பக் குழுவுக்கு நேரடி வர்ணனை அனுப்பியிருந்தான். “நின்னுடுச்சு.” “மறுபடி நின்னுடுச்சு.” “மச்சான் தலைய ஆட்டிட்டாரு, நின்னுடுச்சு.” நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் பார்வதி போனில் சொல்லிப் பேனரை அவிழ்க்க வைத்துவிட்டாள். கண் நன்றாக ஆறியது. லைசென்ஸும் கிடைத்தது. மானம்தான் கிடைக்கவில்லை.

போன வருடம் மகள் கவித்ராவுக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் நிறைய ஆட்கள். தாம்பூலத் தட்டை நீட்டி, மாப்பிள்ளையின் தகப்பனார் சபை அறியக் கேட்டார். “சம்பந்தி, பொண்ணு குடுக்க சம்மதந்தானே?”

என் கழுத்து தன் பாட்டுக்கு வலப்பக்கம் சாயத் தொடங்கியது. பின் வரிசையிலிருந்து குணா எழுந்து கத்தினான்.

“மச்சான், தலைய ஆட்டாதீங்க! மாப்ள நின்னுடப் போறாரு!”

எங்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒன்றும் புரியாத மாப்பிள்ளை, எதற்கும் இருக்கட்டும் என்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, மைக்கே தேவைப்படாத குரலில் “சம்மதம்!” என்றேன்.